கிர்கிஸ்தானில் கருத்துரிமை: முடக்கும் அதிகாரம் யாரிடம்?

அடிப்படை உரிமை வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் என்ற முறையில், என்னிடம் பயிற்சிக்கு வரும் இளைஞர்களிடம் முதலில் ஒன்றைச் சொல்வேன்: ஒரு நாட்டின் அரசமைப்பு கருத்துரிமைக்கு என்ன உறுதி தருகிறது என்று படிப்பதோடு நின்றுவிடாமல், ஒரு செய்தியை முடக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அதற்கு முன் நீதிபதி விசாரித்தாக வேண்டுமா என்பதையும் தேடிப் பாருங்கள். மத்திய ஆசிய நாடான கிர்கிஸ்தானைப் படித்தபோது எனக்கு உறைத்த பாடம் அது.

2010 ஜூனில் பொதுவாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட அந்நாட்டு அரசமைப்பு, ஒருவரின் மானத்துக்கும் கண்ணியத்துக்கும் குந்தகமான தகவலைப் பரப்பியதற்காக எவர்மீதும் குற்ற வழக்குத் தொடரக்கூடாது என்று 33ஆம் பிரிவிலேயே எழுதிவைத்தது. மறு ஆண்டே அவதூறு குற்றவியல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. அந்தத் துணிச்சலான வாசகத்தை இன்றும் மதிப்போடு படிக்கிறேன்.

2021இல் வந்த புதிய அரசமைப்பின் 10ஆம் பிரிவும் தணிக்கைக்கு இடமில்லை என்றே சொல்கிறது. ஆனால், இளம் தலைமுறையைக் காக்கும் பொருட்டு, மக்களின் ஒழுக்க விழுமியங்களுக்கு முரணான நிகழ்ச்சிகளைச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்ற வரியும் அதே பிரிவில்தான் இருக்கிறது. எது ஒழுக்க விழுமியம் என்று வரையறுக்காமல் விட்டால், அதை ஆட்சியில் இருப்பவர்களே வரையறுப்பார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில், பொய்த் தகவலிலிருந்து பாதுகாப்பதற்கென ஒரு சட்டம் கையெழுத்தானது. புகார் வந்தால், நீதிமன்ற உத்தரவு இல்லாமலேயே, அரசுத் துறை ஓர் இணையதளத்தை இரண்டு மாதம் வரை முடக்கலாம் என்பதே அதன் மையம். 2022 அக்டோபரில், தாஜிகிஸ்தான் எல்லை மோதல் பற்றிய ஒரு காணொளியை நீக்க மறுத்ததால், அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான ரேடியோ லிபர்ட்டியின் கிர்கிஸ் சேவையான அசாத்திக்கின் தளம் இச்சட்டத்தின்கீழ் முடக்கப்பட்டது. புகார் ஒரே ஒரு காணொளி மீதுதான். ஆனால் அத்தளத்தின் எல்லாச் செய்திகளும் உள்நாட்டு வாசகர்களுக்குக் கிடைக்காமல் போயின. அதன் வங்கிக் கணக்கும் முடக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தலைநகர் பிஷ்கெக்கின் நீதிமன்றம் ஒன்று அந்நிறுவனத்தின் செயல்பாட்டையே நிறுத்த உத்தரவிட்டது.

ஜூலையில் அந்த உத்தரவு விலக்கப்பட்டது. அதுவும் உரிமையை நிலைநாட்டிய தீர்ப்பால் அல்ல, அரசுத் துறையோடு செய்துகொண்ட சமரசத்தால்; அதற்குள் அந்தக் காணொளி தளத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தது.