காத்திருக்கும் ஆள், காத்திருக்கும் பொம்மை

புளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டில் ரைடு ஒன்றின் வரிசைக்குள் நுழைகிறீர்கள். வாசலில் நிற்கும் ஊழியர், கழுத்தில் மாட்டும் கயிற்றில் கோத்த சிவப்பு அட்டை ஒன்றை உங்களிடம் நீட்டுகிறார். வண்டி ஏறும் இடத்தில் இருப்பவரிடம் இதைக் கொடுத்துவிடுங்கள் என்பதோடு சரி. நீங்களும் வாங்கிக்கொண்டு நகர்கிறீர்கள். உங்களிடம் தரும்போது அட்டையை ஒரு கருவியில் தொட்டு எடுத்திருப்பார்கள். மேலே வாங்குபவர் இன்னொரு கருவியில் தொடுவார். இடையில் போன நேரம் கணினிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அந்தப் பூங்காக்களில் காத்திருப்பு நேரத்தை அளக்க வெகுகாலம் கைகொடுத்தது இந்த அட்டைதான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அட்டை சொல்வது பழைய கதை. 50 நிமிடத்துக்கு முன்னால் உள்ளே போனவர் எவ்வளவு நின்றார் என்பது அதில் தெரியும். இப்போது வாசலில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, போகலாமா வேண்டாமா என்று யோசிப்பவருக்குத் தேவை இனி நிற்கப்போகும் நேரம். அதைச் சொல்லக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு மிக எளிது: முன்னால் நிற்பவர்களின் எண்ணிக்கையை, ஒரு மணி நேரத்தில் ரைடு ஏற்றும் ஆட்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 600 பேர் நிற்கிறார்கள், மணிக்கு 1,200 பேர் ஏறுகிறார்கள் என்றால் அரை மணி நேரம். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961இல் இதன் பொது வடிவத்தை நிரூபித்தார். அதனால் இதற்கு லிட்டில் விதி என்று பெயர். ரேஷன் கடை வரிசை, துறைமுகத்தில் நிற்கும் கப்பல், மருத்துவமனைப் படுக்கை என எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

வகுத்தலில் மேலே ஓர் எண், கீழே ஓர் எண். நம் கண்ணுக்கு மேலே இருக்கும் எண் மட்டுமே படுகிறது. "ஐயோ, எவ்வளவு கூட்டம்!" என்று மலைத்துப் போகிறோம். நம் நேரத்தைத் தீர்மானிப்பதோ பெரும்பாலும் கீழே இருக்கும் எண்.

கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பந்தி முழுவதும் எழுந்து, இலை எடுத்து, துடைத்து, அடுத்த பந்தி உட்காரும்வரை சமையற்கட்டில் எவ்வளவு சாப்பாடு தயாராக இருந்தாலும் பயனில்லை. டம்போ என்ற பறக்கும் யானை ராட்டினம் அப்படிப்பட்ட பந்தி. ஒரு ராட்டினத்தில் 16 யானைகள், யானைக்கு இருவர் என்றால் ஒரு சுற்றுக்கு 32 பேர். ஏற்றி, சுற்றி, இறக்க 3 நிமிடம் என்று வைத்தால் மணிக்கு 640 பேர். ஒரு குழந்தை மட்டும் தனியாக ஏறினால் அந்தக் கணக்கும் குறையும். அதே பூங்காவில் 1971இலிருந்து ஓடும் பேய் மாளிகை வேறு ரகம். அங்கே வண்டிகள் நிற்பதே இல்லை. தரையே நகரும் பட்டையாக வண்டியின் வேகத்தில் ஓடும். அதில் கால் வைத்து அப்படியே உட்கார்ந்துவிட வேண்டியதுதான். மணிக்கு 2,000 பேருக்கு மேல் உள்ளே போய்விடுவார்கள். இரண்டின் வாசலிலும் 600 பேர் நின்றால், யானைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், பேய் மாளிகைக்கு 20 நிமிடத்துக்கும் குறைவு.

ரோலர் கோஸ்டர் இரண்டுக்கும் நடுவில் வருகிறது. அதன் தடம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முன்னால் போன ரயில் ஒரு பகுதியைத் தாண்டியது உறுதியானால்தான் பின்னால் வரும் ரயில் அதற்குள் நுழைய முடியும். மோதல் நேராமல் இருக்க இதுதான் காவல். ஆகவே எத்தனை ரயில் வாங்கிப் போட்டாலும் இரண்டு புறப்பாடுகளுக்கு இடையிலான நேரத்தை ஓர் அளவுக்குக் கீழே கொண்டுபோக முடியாது. 24 பேர் உட்காரும் ரயில் நிமிடத்துக்கு ஒன்று கிளம்பினால் மணிக்கு 1,440 பேர். இப்போது ஏறும் மேடையைக் கவனியுங்கள். ஒருவர் தோள்பையை எங்கே வைப்பது என்று தேடுகிறார். இன்னொருவர் மடிமேல் இறங்கிய கம்பியை ஊழியர் அழுத்திப் பார்த்த பிறகும், தொப்பி ஞாபகம் வந்து கையைத் தூக்குகிறார். கம்பியைத் திறந்து மறுபடி பூட்ட வேண்டியிருக்கிறது. 15 நொடி போகிறது. ஒவ்வொரு ரயிலுக்கும் இப்படி 15 நொடி கூடினால் மணிக்கு 1,152 பேர்தான். பாக்கி 288 பேர் வெயிலில் நிற்கும் கூட்டத்தோடு சேர்ந்துகொள்கிறார்கள். ஏறும் முன்பே பையை லாக்கரில் வைக்கச் சொல்லிப் பூங்காக்கள் கெடுபிடி செய்வதற்குப் பாதுகாப்போடு இதுவும் ஒரு காரணம்.

காலையில் நடப்பது தனிக் கணக்கு. மணிக்கு 1,200 பேரை ஏற்றும் ரைடுக்கு 1,500 பேர் வருகிறார்கள் என்றால் மணிக்கு 300 பேர் மிஞ்சுவார்கள். ஒரு மணி நேரத்தில் அது பெரிதாகத் தெரியாது. ஒன்பது மணிக்குத் திறந்தால் ஒரு மணிக்கு 1,200 பேர் சேர்ந்திருப்பார்கள், அதாவது முழுதாக ஒரு மணி நேரக் காத்திருப்பு. அதன் பிறகு வருகை 1,200ஆகக் குறைந்தாலும் வரிசை கரையாது, அப்படியே நிற்கும். மாலையில் வருகை அதற்கும் கீழே இறங்கினால்தான் கரையத் தொடங்கும். திறந்தவுடன் போகிறவருக்குக் கிடைக்கும் லாபம் இதிலிருந்து வருவது. அவருக்கு முன்னால் சேர்ந்து நிற்க யாருக்கும் நேரம் இருந்திருக்காது.

எனக்கு இந்த விஷயத்தில் முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. ரைடின் இருக்கையைச் சேமித்து வைக்க முடியாது. பத்து மணி ரயிலில் காலியாகப் போன இருக்கையை இரண்டு மணிக்கு எடுத்துப் பயன்படுத்த வழியே இல்லை. ஆகவே இருக்கை வீணாகாமல் இருக்க, ஏறுவதற்கு ஆட்கள் எப்போதும் தயாராக நின்றாக வேண்டும். நெளிந்து நெளிந்து போகும் கம்பித் தடுப்புகளுக்குள் சேமித்து வைக்கப்படுவது நாம்தான். வரிசையைக் கூட்டத்தால் வந்த கோளாறு என்று நினைக்கிறோம். இயந்திரத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது ஒரு கிடங்கு.

அந்தக் கிடங்கை வசதியாக்கும் வேலையில் நல்ல மனசோடு செய்யப்பட்டவையும் உண்டு. 2012இல் டம்போவுக்கு இரண்டு ராட்டினங்கள், மொத்தம் 32 யானைகள் என்று ஆக்கியபோது, வரிசையின் நடுவில் குளிர்சாதனக் கூடாரம் ஒன்றையும் சேர்த்தார்கள். அப்போது பெற்றோர் கையில் ஒரு சின்னக் கருவி தந்தார்கள். பிள்ளைகள் சறுக்கிலும் ஏணியிலும் விளையாடினார்கள். முறை வந்ததும் கருவி அதிர்ந்தது. மூன்று வயதுக் குழந்தையைக் கம்பித் தடுப்புக்குள் முக்கால் மணி நேரம் நிறுத்திப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். சும்மா நிற்கும் நேரம் நீளமாகத் தெரியும், எதையாவது செய்யும் நேரம் சுருங்கும் என்று 1985இல் மேலாண்மை ஆய்வாளர் டேவிட் மைஸ்டர் எழுதியதும் இதைத்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாமல் நிற்பது, தெரிந்து நிற்பதைவிட நீளமாகத் தெரியும் என்றும் அவர் சேர்த்துச் சொன்னார். வாசல் பலகையில் 60 நிமிடம் என்று போட்டுவிட்டு 45 நிமிடத்தில் ஏற்றுவது பல இடங்களில் நடக்கிறது. முன்கூட்டி ஏறியவர் மகிழ்ச்சியோடு போவார். 60ஐப் பார்த்து மலைத்தவர் வேறு ரைடுக்கு நகர்வார். கூட்டத்தைத் திருப்பிவிடும் மடை போலவும் அந்தப் பலகை வேலை செய்கிறது.

1999இல் அதே புளோரிடா பூங்காக்களில் ஃபாஸ்ட்பாஸ் வந்தது. இயந்திரத்தில் நுழைவுச் சீட்டைச் செருகினால், எத்தனை மணிக்குத் திரும்பி வர வேண்டும் என்று அச்சிட்ட துண்டுச் சீட்டு வந்தது. திருமலையில் நேரம் குறித்த தரிசன டோக்கன் வாங்கியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நிற்கும் உடம்புக்கு விடுதலை கிடைத்தது உண்மை. ஆனால் ஒரு ரயில்கூடக் கூடுதலாக ஓடவில்லை. மணிக்கு 1,200 இருக்கைகளில் 900ஐச் சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒதுக்கினால், சாதாரண வரிசைக்கு மிஞ்சுவது 300. அங்கே உங்களுக்கு முன்னால் 150 பேர்தான் நிற்பார்கள், பார்த்தால் குட்டி வரிசை. ஆனாலும் அரை மணி நேரம் ஆகும். பக்கத்துப் பாதையில் ஆட்கள் விறுவிறுவென்று போய்க்கொண்டே இருக்க, நம் வரிசை நகராமல் நிற்பதன் காரணம் இந்த வகுத்தலில் கீழே இருக்கும் எண் சுருங்கியதுதான்.

புளோரிடாவில் இலவசமாக இருந்த இந்த வசதிக்கு 2021 அக்டோபரிலிருந்து காசு. வரிசையில் சேர்வதற்கே கட்டணம் வைத்தால் எல்லோருக்கும் நன்மை கிடைக்கக்கூடும் என்று 1969இலேயே நாவோர் என்ற ஆய்வாளர் கணிதமாக எழுதிக் காட்டியிருக்கிறார். நான் வரிசையில் சேர்ந்தால் எனக்குப் பின்னால் வருபவரின் நேரம் கூடுகிறது, அந்த இழப்பை நான் கணக்கில் எடுப்பதில்லை என்பது அவர் வாதம். ஆனால் பூங்காவில் விற்கப்படுவது அந்தக் கட்டணம் அல்ல. காசு கொடுத்தவரின் நேரம் குறைந்து, கொடுக்காதவரின் தலையில் ஏறுகிறது. நுழைவுக் கட்டணத்துக்கே மாதக்கணக்கில் சேமித்து வந்த குடும்பம் அதைச் சுமப்பது நியாயம் என்று எனக்குப் படவில்லை.

சரி, சீட்டு வாங்கிவிட்டு வரிசையை விட்டு வெளியே வந்தவர்கள் எங்கே போவார்கள்? நடைபாதையில், உணவகத்தில், கடைகளில் இருப்பார்கள். கூட்டம் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். கடையின் கணக்கு இங்கே தொடங்குகிறது.

கடையில் நிலைமை தலைகீழ். பொம்மையைச் சேமிக்க முடியும். அது அலமாரியில் நமக்காகக் காத்திருக்கும், நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பிறகு ஏன் அந்தந்தப் பண்டிகைக்கென்று விற்கும் ஹாலோவீன் பொம்மையும் கிறிஸ்துமஸ் பாப்கார்ன் டப்பாவும் நாம் போகும்போது தீர்ந்திருக்கின்றன?

கோயில் வாசலில் மல்லிகைப்பூ விற்கும் அம்மாவிடம் இதற்கு விடை இருக்கிறது. ஒரு முழம் 30 ரூபாய்க்கு எடுத்து 50க்கு விற்கிறார் என்று வைப்போம். ஒரு முழம் குறைவாக எடுத்தால் 20 ரூபாய் லாபம் போகும். ஒரு முழம் மிஞ்சி வாடினால் 30 ரூபாய் கையைவிட்டுப் போகும். ஆகவே சராசரியாக விற்பதைவிடச் சற்றுக் குறைவாகவே எடுப்பார். பொருளியல் பாடத்தில் இது செய்தித்தாள் விற்பவர் கணக்கு. 20ஐ 50ஆல் வகுத்தால் 0.4. அதாவது பத்தில் நான்கு நாள் மட்டும் எல்லோருக்கும் பூ கிடைக்கும் அளவுக்கு எடுத்தால் அவருக்கு லாபம் அதிகம். மற்ற ஆறு நாளும் கடைசியில் வருபவர் வெறுங்கையோடு போவார். அது அவர் கணக்கில் விட்ட பிழை இல்லை, கணக்கின் விடையே அதுதான்.

பொம்மையில் லாப விகிதம் பூவைவிட அதிகம், மிஞ்சினால் தள்ளுபடியிலும் தள்ளலாம். அதனால் கூடுதலாகவே எடுப்பார்கள். ஆனாலும் விடை நூற்றுக்கு நூறு ஆகாது. 10 டாலருக்குச் செய்த டப்பாவை 25க்கு விற்று, மிஞ்சியதை 5க்குத் தள்ளலாம் என்றால், ஒன்று குறைந்தால் நட்டம் 15, ஒன்று மிஞ்சினால் நட்டம் 5. விடை 0.75. நான்கு பருவங்களில் ஒன்றில் தீர்ந்துபோவது திட்டத்திலேயே இருக்கிறது. பூக்கார அம்மாவுக்கு இல்லாத இன்னொரு தொல்லையும் உண்டு. அவர் நாளைக்கே சந்தைக்குப் போய்ச் சரிசெய்துகொள்வார். பொம்மைக்கு மாதங்களுக்கு முன்பே தொழிற்சாலைக்கு எண்ணிக்கை சொல்லியாக வேண்டும். முதல் வாரத்தில் பறந்துவிட்டதே என்று மறுபடி செய்யச் சொன்னால், சரக்கு வந்து இறங்கும்போது பருவமே முடிந்திருக்கும்.

தீர்ந்துவிடும் என்ற பேச்சு பரவினால் நிலைமை இன்னும் மோசமாகும். ஒன்று வாங்க வந்தவர் மூன்று எடுப்பார், மறுவிற்பனைக்காரர்கள் விடியுமுன் வந்துவிடுவார்கள். 2021 டிசம்பர் 29 அன்று ஷாங்காய் டிஸ்னியில் டஃபி என்ற கரடிப் பொம்மையும் அதன் நண்பர்களும் கிறிஸ்துமஸ் உடுப்பில் விற்பனைக்கு வந்தபோது, அதிகாலை 3 மணியிலிருந்து, உறையும் குளிரில், 5,000 பேருக்கு மேல் நின்றார்கள். அடுத்த மாதமே புளோரிடா டிஸ்னியின் எப்காட் பூங்காவில் ஃபிக்மென்ட் என்ற ஊதா நிற டிராகன் வடிவப் பாப்கார்ன் டப்பாவுக்குப் பல மணி நேர வரிசை. பொருளின் மதிப்புக்குக் கீழே விலை வைத்தால், மிச்ச விலையை மக்கள் நேரமாகக் கட்டுகிறார்கள். மறுவிற்பனைக்காரர் அந்த நேரத்தைத்தான் காசாக்கி இணையத்தில் விற்கிறார். அதனால் அங்கே விலை எகிறுகிறது.

டோக்கியோ டிஸ்னியில் இதை நிதானமாகக் கையாள்கிறார்கள். ஒருவருக்கு இத்தனைதான் என்ற வரம்பு உண்டு. கூட்டம் சேரும் நாட்களில் சில கடைகளுக்குள் நுழைவதற்கே செயலியில் நேரச் சீட்டு எடுக்க வேண்டும். ரைடுக்காகப் பிறந்த சீட்டு கடைக்கும் வந்துவிட்டது. பொம்மை காத்திருக்க முடியாமல் போன இடத்தில் மறுபடி ஆள்தான் காத்திருக்கிறார்.

அந்த ஊர்ப் பூங்காக் கடைகளில் ஒரு நாளுக்குள்ளேயே இரண்டு அலைகளைப் பார்க்கலாம். காலையில் காது வைத்த தலைப்பட்டைகள் போகும். நாள் முழுதும் மாட்டிக்கொண்டு திரிவதற்கு அவை அப்போதே வேண்டும். இனிப்பும் பிஸ்கட்டும் அடைத்த தகர டப்பாக்களை அந்த நேரத்தில் யாரும் அதிகம் தொட மாட்டார்கள். ஊருக்கு வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்ற வழக்கம் ஜப்பானியருக்கு நம்மைப் போலவே உண்டு, ஆனால் டப்பாவைப் பகலெல்லாம் யார் சுமப்பது? இரவு அணிவகுப்பும் வாணவேடிக்கையும் முடிந்ததும் ஒட்டுமொத்தக் கூட்டமும் வாசலை ஒட்டிய கடைகளுக்குத் திரும்பும். காலையில் ராட்டினத்தின் முன்னால் நின்ற அதே ஆட்கள், அதே வகுத்தல் கணக்கோடு, இப்போது பணம் கட்டும் மேசையின் முன்னால் டப்பாக்களை நெஞ்சோடு அணைத்தபடி நிற்பார்கள்.