பனந்தும்பும் ஆப்பசோடாவும்

பனைமட்டையிலிருந்து எடுக்கும் நாரான பனந்தும்பைப் பிளாஸ்டிக்கோடு கலந்து வார்க்கும்போது அந்தச் சூட்டில் தும்பு கருகிவிடாதா என்று சாயல்குடியிலிருந்து ஒரு மாணவி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. கலப்பதற்குப் பெரும்பாலும் எடுப்பது பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். அது சுமார் 165 டிகிரியில் உருகும். அச்சில் ஓடவேண்டுமானால் 180, 190 வரை சூடேற்றவேண்டும். தும்பு தாங்குவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்குமேல் நிறம் மங்கி, வலு குறைந்துவிடும்.

ஏன் என்று தெரிய ஆய்வகம் வேண்டாம். கருப்பட்டி காய்ச்சும் குடிசையான விடிலிக்குள் போய் நின்றால் போதும். காய்ந்த பனமட்டையை அடுப்பில் திணித்ததும், தீ சரியாகப் பிடிக்கும் முன்னால் ஒரு வெள்ளைப் புகை வருமே, மூக்கில் புளிப்பாக ஏறிக் கண்ணைக் கரிக்கும். அந்தப் புகையில் அசிட்டிக் அமிலம் இருக்கிறது. வினிகரில் இருப்பதும் அதுதான்.

மட்டைக்குள் அமிலம் எப்படி வந்தது? தாவர நாரில் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் மூன்றும் இருப்பது பள்ளியில் படித்ததுதான். செல்லுலோஸ் சங்கிலிகள் கட்டுக்கட்டாய் அடுக்கிய ஓலை மாதிரி நேராக, நெருக்கமாகப் படிந்திருக்கும். சூடு உள்ளே புகுந்து பிரிப்பது கடினம். 315 டிகிரிக்குமேல்தான் வேகமாகச் சிதையும். ஹெமிசெல்லுலோஸ் அப்படியில்லை. சீமைக்கருவேலம்போலக் கிளைவிட்டு, ஒழுங்கில்லாமல் கிடக்கும். சுமார் 220 டிகிரியிலேயே வேகமாக உடையத் தொடங்கும். அந்தக் கிளைகளில் அசிட்டைல் என்ற சின்னச் சின்னக் கொத்துகள் தொங்குகின்றன. சூடு ஏறியதும் முதலில் கழன்று விழுவதில் இவையும் உண்டு. விழுந்தவை அசிட்டிக் அமிலமாகி, பக்கத்திலிருக்கும் சங்கிலிகளை வெட்ட உதவுகின்றன. தன்னை அழிக்கும் அமிலத்தை நார் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது! இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, அந்தக் கொத்துகளை முன்கூட்டியே கழற்றிவிட்டால்? காரத்தில் ஊறவைத்தால் கழன்றுவிடும். ஹெமிசெல்லுலோஸும் ஓரளவு கரைந்து வெளியேறும். வழக்கமாக இதற்குக் காஸ்டிக் சோடாதான். வேலை சில மணி நேரத்தில் முடியும், ஆனால் கையைப் புண்ணாக்கிவிடும், கழிவுநீரை அப்படியே வெளியே விடவும் முடியாது. பசுமை முறையில் அதற்குப் பதில் ஆப்பசோடா. 10 சதவீதக் கரைசலில் சில நாள் ஊறவேண்டும். காரம் குறைவு என்பதால் மெதுவாகத்தான் நடக்கும். ஹெமிசெல்லுலோஸ் முழுதாகவும் போகாது. ஆனால் செல்லுலோஸுக்குச் சேதம் குறைவு, வெறுங்கையால் தும்பைப் புரட்டலாம். வீட்டு முற்றத்தில் பெண்கள் செய்யக்கூடிய வேலை இது என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

நம் கடற்கரையில் சிக்கல் கடைசி அலசலில்தான். சோடியம், பொட்டாசியம் உப்புகள் நாரில் தங்கிவிட்டால், செல்லுலோஸ் குறைந்த சூட்டிலேயே கரியாக மாறத் தொடங்கும். ஆப்பசோடாவில் இருப்பதும் சோடியம், கடல்நீரில் இருப்பதும் சோடியம். ஊறவைத்து எடுத்ததை உவர்ப்பான ஆழ்குழாய்த் தண்ணீரில் அலசினால் பட்ட பாடெல்லாம் வீண். நல்ல தண்ணீர்தான் வேண்டும். குடிக்கவே குடத்தோடு காத்திருக்கும் ஊர்களில் அதை எப்படிக் கேட்பது?

பனை நம் மாநில மரம். விழாவுக்கும் பதாகைக்கும் செலவிடுவதில் ஒரு பங்கை, குறைந்த நீரில் தும்பை அலசும் ஆய்வுக்கு ஒதுக்கவேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். அடிப்படை ஏற்கெனவே இருக்கிறது. மூன்று தொட்டிகளை வரிசையாக வையுங்கள். தும்பு முதல் தொட்டியிலிருந்து மூன்றாவதுக்குப் போகட்டும். தண்ணீர் மூன்றாவதிலிருந்து முதலாவதுக்கு எதிர்த்திசையில் வரட்டும். ஊரணியில் தேங்கிய மழைநீரை மூன்றாவதில் மட்டும் ஊற்றினால் போதும். அதே நீர் மூன்று முறை உப்பைக் கழுவும், தும்பு கடைசியாகத் தொடுவது சுத்தமான தண்ணீராகவே இருக்கும்.