தைராய்டு மாத்திரையும் காசிமேட்டு விடியற்காலையும்

காசிமேட்டு மீன் ஏலத்துக்குக் கூடையோடு கிளம்பும் பெண்களுக்குப் பொழுது விடியும் முன்பே ஒரு டீ உள்ளே போயாக வேண்டும். அவர்களில் தைராய்டு மாத்திரை (சுரப்பி போதுமான அளவு செய்யாத ஹார்மோனுக்கு ஈடாகத் தரும் டி4) சாப்பிடுகிறவர்கள் அதையும் அந்த டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டால், மருந்தின் ஒரு பகுதி ரத்தத்தில் சேராமலே வீணாகும். அடுத்த பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்) ஏறியிருக்கும், டோஸைக் கூட்டுவார்கள். அளவில் குறையில்லை, நேரத்தில்தான் குறை.

குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாயை ஒட்டியிருக்கும் தைராய்டு சுரப்பியின் எடை சுமார் 20 கிராம். ரத்தத்திலிருந்து அயோடினை இழுத்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ 80 முதல் 100 மைக்ரோகிராம் டி4 ஹார்மோனைச் செய்கிறது. டி4-இல் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. இது இருப்புச் சரக்கு மாதிரி. கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகள் அதில் ஓர் அணுவைக் கழற்றி டி3 ஆக்கினால்தான் வேலை நடக்கும். டி3 செல்லின் உட்கருவுக்குள் போய் மரபணுக்களை முடுக்குகிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பெருகும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், உடலில் சூடு பிறக்கும். டி3 குறைந்தால் மே மாதத்திலும் ஃபேன் காற்று குளிரும். மலம் இறுகும், நாடி மெதுவாகும், தோல் வறளும்.

எடை கூடுவதற்கெல்லாம் தைராய்டையே குற்றம் சொல்வது சரியல்ல. அதனால் ஏறுவது பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் பெரும்பங்கு உடலில் தேங்கும் உப்பும் நீரும்.

சுரப்பியைக் கண்காணிப்பது மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி. டி4 குறைந்தால் டி.எஸ்.ஹெச்.சைக் கூட்டி, இன்னும் சுரக்கச் சொல்லும். போதுமானது வந்ததும் அடங்கும். டி4-இல் சின்ன இறக்கம் வந்தாலே டி.எஸ்.ஹெச். பல மடங்கு எகிறும். ஆகவே டி.எஸ்.ஹெச். 5-லிருந்து 10 ஆனதை நோய் இரட்டிப்பானதாக எடுத்துக்கொண்டு பயப்பட வேண்டாம். பெரியவர்களுக்குப் பொதுவாக 0.4 முதல் 4 வரை இயல்பு, லேபுக்கு லேப் சிறிது மாறும். ரத்தத்தில் இருக்கும் டி4 பாதியாகக் குறைய ஒரு வாரம் ஆகும். டோஸை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் மறுபரிசோதனை என்பது இதனால்தான். மாதக்கணக்கில் மாத்திரையை விட்டுவிட்டு, பரிசோதனைக்கு முந்தைய நான்கு நாள் மட்டும் ஒழுங்காகப் போட்டால் டி4 சரியாகத் தெரியலாம், டி.எஸ்.ஹெச். மட்டும் உயரத்திலேயே நிற்கும். மருத்துவருக்கு அதுவே விஷயத்தைச் சொல்லிவிடும்.

மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, டீ, காபி, டிபன் எதுவானாலும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்தே எடுக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை, அவை மருந்தைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். விடியற்காலை வேலைக்காரர்களுக்கு வேறு வழியும் உண்டு: மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, இரவுச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போட்டுக்கொள்ளலாம். பரிசோதனை நாளில் ரத்தம் கொடுத்த பிறகே காலை மாத்திரை. முடி உதிராமலிருக்க பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுகிறவர்கள் இரண்டு நாள் முன்பே நிறுத்துவது நல்லது, அது முடிவைத் தவறாகக் காட்டக்கூடும்.

வளர்ச்சி விஷயத்தில் சில நாள் தாமதத்துக்கும் விலை அதிகம். கருவின் தைராய்டு சுமார் 12 வாரத்தில்தான் வேலை தொடங்கும், அதுவரை குழந்தையின் மூளைக்குத் தாயின் ஹார்மோனே ஆதாரம். ஏற்கெனவே மாத்திரை எடுக்கும் பெண்களுக்குக் கர்ப்பத்தில் தேவை 25 முதல் 50 சதவீதம் கூடும். நாள் தள்ளிப்போனது உறுதியானதுமே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். பிறவியிலேயே சுரப்பு இல்லாத குழந்தை பார்வைக்கு நன்றாகவே இருக்கும். பிறந்து இரண்டு மூன்று நாளில் குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தம்தான் காட்டிக்கொடுக்கும். இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகளின் அறிவு வளர்ச்சி மற்றவர்களைப் போலவே இருக்கும். மாதக்கணக்கில் தவறவிட்டதை எந்த மருந்தாலும் ஈடுசெய்ய முடியாது. பள்ளிப் பிள்ளைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுவரில் கோடு போட்டு அளந்து பாருங்கள். நான்கு வயது முதல் பருவமடையும் வரை ஆண்டுக்கு 5 செ.மீ.க்குக் குறைவாக வளர்ந்தால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் போதிய அளவு சுரக்கவும், எலும்பு நுனிக் குருத்தெலும்பு முதிரவும் தைராய்டு ஹார்மோன் வேண்டும். அது இல்லாத பிள்ளை உயரமாகாமல் பருமன் மட்டும் ஆகும்.

கடலோரத்தில் குடியிருப்பதால் அயோடின் தானாகக் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். கடல் மீனில் அயோடின் உண்டு, ஆனால் உப்பளத்திலிருந்து நேராக வரும் கல் உப்பில் சொல்லும்படி இல்லை. வீட்டுக்கு வரும் அயோடின் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. பெரியவர்களின் நாள் தேவையான 150 மைக்ரோகிராமை அதில் 10 கிராம் உப்பு தந்துவிடும். ஈரமும் சூடும் அயோடினைக் குறைக்கும் என்பதால் உப்பு ஜாடியை மூடி, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். குழம்பை இறக்கும் நேரத்தில் உப்புப் போடுங்கள்.