ரீசில்வர்: கண்ணாடிக்கும் ரசம், வட்டுக்கும் ரசம்

வீட்டு சர்வரில் இடம் நிறைந்துவிட்டது. இசட்எஃப்எஸ் கோப்பு முறையில் இரண்டு 4 டெராபைட் வட்டுகளைக் கண்ணாடி இணையாக, அதாவது ஒரே தரவு இரண்டிலும் இருக்கும்படி, வைத்திருக்கிறீர்கள். ஒன்றைக் கழற்றிவிட்டு 8 டெராபைட் வட்டை மாட்டி, மாற்றச் சொல்லி ஆணை கொடுத்து, நிலவரம் கேட்கிறீர்கள். திரையில் வரும் பதில்: 'ரீசில்வர் இன் ப்ராக்ரெஸ்'. வெள்ளிக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் என்ன உறவு என்று அந்த இடத்தில் நின்று யோசித்தவர்கள் பலர். நானும் அவர்களில் ஒருவன்.

சொல் பிறந்தது கண்ணாடிப் பட்டறையில். வெறும் கண்ணாடித் தகடு முகம் காட்டாது. அதன் முதுகில் பளபளக்கும் உலோகப் படலம் ஒன்று வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் வெனிஸுக்கு அருகே முரானோத் தீவின் கைவினைஞர்கள் இதில் பேர்பெற்றவர்கள். மெல்லிய தகரத் தாளை மேசையில் விரித்து, அதன்மேல் பாதரசத்தை ஊற்றி, கண்ணாடியை மெல்ல நகர்த்தி ஏற்றி, பாரம் வைத்து அழுத்தி நாள்கணக்கில் விட்டுவிடுவார்கள். தகரமும் பாதரசமும் கலந்த கலவை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்கள் உடல்நலம் கெட்டார்கள். 1835இல் ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டஸ் ஃபான் லீபிக், வெள்ளி உப்புக் கரைசலிலிருந்து கண்ணாடியின்மேல் உண்மையான வெள்ளியையே படிய வைக்கும் வழியைக் கண்டார். ஆங்கிலத்தில் இந்த இரண்டு வேலைக்கும் 'சில்வர்' என்றே பெயர். படலம் உரிந்து கறுத்துப்போன பழைய கண்ணாடியைச் சுரண்டிவிட்டு மறுபடி பூசினால் அது 'ரீசில்வர்'.

கணினிக்காரர்கள் ஒரே தரவை இரண்டு வட்டுகளில் ஒருசேர எழுதி வைப்பதைக் கண்ணாடி என்று அழைத்தார்கள். இணையில் ஒரு வட்டு போய், அதன் இடத்துக்குப் புது வட்டு வந்தால், அதில் மற்றதன் தரவை ஏற்ற வேண்டும். கண்ணாடி என்ற உருவகம் ஏற்கெனவே இருந்ததால், பட்டறையிலிருந்து அடுத்த சொல்லும் கூடவே வந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் போன்விக், மேத்யூ ஆரன்ஸ் முதலியோர் உருவாக்கி 2005இல் மூல நிரலோடு வெளியான இசட்எஃப்எஸ்தான் இன்று இந்தச் சொல்லை வீடுவரை கொண்டுவந்திருக்கிறது. மற்ற அமைப்புகளில் இதே வேலைக்கு 'ரீபில்டு', 'ரீசிங்க்' என்ற பெயர்களே அதிகம்.

பெயர் மட்டுமா வேறு? வேலையும் வேறு. பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் முறைக்கு ரெய்டு என்று பெயர். பழைய வகை ரெய்டு, வட்டில் எது தரவு, எது வெற்றிடம் என்று அறியாது. முதல் செக்டார் தொடங்கிக் கடைசி செக்டார் வரை எல்லாவற்றையும் நகலெடுக்கும். இசட்எஃப்எஸ்ஸில் கோப்பு முறையும் வட்டு மேலாண்மையும் ஒன்றாகவே இருப்பதால், எந்தத் தொகுதிகள் பயனில் இருக்கின்றனவோ அவை மட்டுமே புது வட்டுக்குப் போகும். ஒவ்வொன்றும் படிக்கப்படும்போது, தரவு கெடவில்லை என்று காட்டும் அதன் சரிபார்ப்புத் தொகையும் ஒப்பிடப்படும். 3 டெராபைட் தரவு இருந்தால், நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். அதே வேகத்தில் 8 டெராபைட் வட்டை முழுக்க நிரப்புவதென்றால் 15 மணி நேரத்தை நெருங்கிவிடும். நான் இதில் மிகவும் மதிப்பது இன்னொன்று: கேபிள் தளர்ந்து ஒரு வட்டு பத்து நிமிடம் விலகிப்போய்த் திரும்பி வந்தால், அந்தப் பத்து நிமிடத்தில் எழுதப்பட்டவை மட்டுமே அதற்கு ஏற்றப்படும். ரசம் உரிந்த திட்டுக்கு மட்டும் பூசுவதுபோல.

இனித் தமிழுக்கு வருவோம். நேரே பெயர்த்து 'மீள்வெள்ளியேற்றம்' என்று ஒருவர் எழுதக்கூடும். கண்ணாடிக்கு வெள்ளி ஏற்றுவதாக நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. குத்துவிளக்குக்கு வெள்ளி முலாம் பூசியதாக நினைத்துக்கொள்வார்கள். 'மறு ஒத்திசைவு' ஓரளவு பொருந்தும், ஆனால் இரு பக்கமும் பரிமாற்றம் நடப்பதுபோல் ஒலிக்கிறது. இங்கே தரவு ஒரு திசையில்தான் போகிறது. 'மீள்கட்டமைப்பு' எதற்கும் பொருந்தும் சொல். அதனாலேயே இதற்குப் போதாது.

இரும்பு பீரோவின் கதவில் பதித்த கண்ணாடியை நினைத்துப் பாருங்கள். ஓரங்களில் கறுப்புத் திட்டுகள் படர்ந்திருக்கும். வீட்டில் அதை என்னவென்று சொல்வோம்? 'கண்ணாடியில ரசம் போயிடுச்சு'. ரசம் என்றால் பாதரசம். முரானோவின் பழைய முறையைத் தமிழ்ப் பேச்சு இன்றும் தாங்கி நிற்கிறது. இன்றைய கண்ணாடிகளின் பின்னால் இருப்பது வெள்ளியோ அலுமினியமோதான் என்றாலும், நமக்கு அது ரசம்தான்.

இந்தச் சொல் நமக்கு ஏன் அவசியம் என்பதற்கு இன்னும் ஆழமான காரணம் உண்டு. ஆங்கிலத்தில் ஜன்னலில் இருப்பதற்கு ஒரு சொல், முகம் பார்ப்பதற்கு வேறொரு சொல். தமிழில் இரண்டும் கண்ணாடி. ஜன்னல் கண்ணாடிக்கும் முகம் பார்க்கும் கண்ணாடிக்கும் நடுவே இருக்கும் வேறுபாடு ரசம் மட்டுமே. புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிய வட்டும் அப்படித்தான்: இடம் இருக்கிறது, காட்டுவதற்கு எதுவும் இல்லை. தரவு ஏறிய பிறகுதான் அது இணையின் மறுபாதியாகிறது. ஆகவே ரீசில்வருக்குத் தமிழ் 'ரசம் பூசுதல்'. தானாக நடப்பதைச் சொல்ல 'ரசம் ஏறுதல்'.

'மறு' அல்லது 'மீள்' சேர்க்க வேண்டாமா? வேண்டாம் என்பது என் முடிவு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் தேய்ந்துபோனால் 'ஈயம் பூசக் கொடுக்கணும்' என்றுதான் சொல்வோம். பத்தாவது தடவையானாலும் 'மறு ஈயம்' என்று சொல்வதில்லை. தேய்ந்ததற்குத்தான் பூசுகிறோம் என்பது வினையிலேயே அடங்கிவிடுகிறது.

ரசம் என்றதும் சாப்பாட்டு ரசம் நினைவுக்கு வராதா என்று கேட்பார்கள். அந்த ரசத்தை வைக்கிறோம், இந்த ரசத்தைப் பூசுகிறோம். வினை பிரித்துக் காட்டிவிடும். ரசம் வடசொல்லாயிற்றே என்பவர்களுக்கு, பாதரசத்துக்கு 'இதள்' என்ற தமிழ்ச் சொல் இருக்கிறது. 'இதள் பூசுதல்' என்று எழுதுவதில் பிழையில்லை. ஆனால் பீரோ முன் நிற்கும் பாட்டி வாயில் உயிரோடு இருக்கும் சொல்லை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

கண்ணாடி இணையின் நகல் வட்டுக்கு என் பரிந்துரை 'ஆடிப்பாவை'. ஆடி என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி, பாவை அதில் தெரியும் உருவம். கண்ணாடி என்ற சொல்லுக்குள்ளும் இந்த ஆடி இருக்கிறது. குறுந்தொகையின் 8ஆம் பாட்டில், நாம் கையையும் காலையும் தூக்கினால் தானும் தூக்கும் ஆடிப்பாவை உவமையாக வருகிறது. வட்டு இணைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைக்காது. அதன் எச்சரிக்கையும் அதற்குள்ளேயே இருக்கிறது: நீங்கள் ஒரு கோப்பை அழித்தால் பாவையும் அதே நொடியில் அழிக்கும். ஆகவே ரசம் பூசிய இணை காப்புப் பிரதி ஆகாது. காப்புப் பிரதியை வேறு பெட்டியில், முடிந்தால் வேறு வீட்டில் வைக்க வேண்டும்.

சொல்லின் எல்லையையும் குறித்துவிடுகிறேன். இசட்எஃப்எஸ்ஸின் ரெய்டு-இசட் வகையில் கண்ணாடியே கிடையாது. போன வட்டின் உள்ளடக்கம், மீதி வட்டுகளில் உள்ள தரவையும் மீட்புக்கென்று கூடுதலாக எழுதி வைத்த சமநிலைத் தகவலையும் கொண்டு கணக்கிட்டு எழுதப்படுகிறது. அங்கேயும் திரையில் ரீசில்வர் என்றே வரும், தமிழிலும் ரசம் பூசுதல் என்றே சொல்லலாம். ஆனால் ஜனவரி 2025இல் இசட்எஃப்எஸ்ஸின் திறந்த மூல வடிவமான ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.3 கொண்டுவந்த விரிவாக்கம் வேறு. அதில் ரெய்டு-இசட் தொகுப்போடு கூடுதலாக ஒரு வட்டைச் சேர்க்கலாம். இருக்கிற தரவு எல்லா வட்டுகளுக்குமாக நகர்த்திப் பரப்பப்படும். அது ரசம் பூசுதல் அல்ல, 'பரப்பல்'. இன்னொரு கண்ணாடி இணையைப் புதிதாகச் சேர்த்தாலோ பூசவும் வேண்டாம், பரப்பவும் வேண்டாம். சேர்த்த உடனே இடம் கூடிவிடும்.

இணையை 4லிருந்து 8 டெராபைட் ஆக்க ரசம் இரண்டு முறை பூச வேண்டும். ஒரு வட்டு மாறியதும் இடம் கூடவில்லையே என்று பதற வேண்டாம். சிறிய வட்டின் அளவுதான் இணையின் அளவு. இரண்டாவதும் மாறி, தானாக விரியும் 'ஆட்டோஎக்ஸ்பாண்டு' அமைப்பும் இயங்கினால்தான் புது இடம் கண்ணுக்குத் தெரியும். அது இயல்பாக அணைந்தே இருக்கும். பெட்டியில் ஒரு இணைப்பு காலியாக இருந்தால் பழைய வட்டைக் கழற்றாமல் புதியதைப் பக்கத்தில் மாட்டியே மாற்றுங்கள். பழையது ரசம் ஏறி முடியும்வரை உடன் நிற்கும். கழற்றிவிட்டு மாற்றினால் அந்த ஆறு மணி நேரமும் உங்கள் குழந்தைகளின் படங்கள் ஒற்றை வட்டை நம்பி இருக்கும். வாங்கும்போது, ஓடு வேய்ந்ததுபோல் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் எஸ்எம்ஆர் வகை வட்டுகளைத் தவிருங்கள். அவற்றில் ரசம் ஏற நாள்கணக்கில் ஆகலாம்.

வழக்கில் இப்படி வரும்: 'நேத்து ராத்திரி புது வட்டு மாட்டினேன், ரசம் ஏறிக்கிட்டிருக்கு. இன்னும் ரெண்டு மணி நேரம். அதுவரை சர்வரை அணைச்சிடாதீங்க.'