டூனா என்றால் சூரை

புதுச்சேரி சூப்பர் மார்க்கெட்டில் டப்பாவில் அடைத்திருந்தால் டூனா. பிரெஞ்சு உணவகத்துப் பட்டியலில் 'தோன்'. கடலூர் முதுநகரில் ஏலத்துக்கு வந்தால் சூரை. மூன்றும் ஒரே குடும்பத்து மீன்தான், விலைதான் வேறு.

டூனா என்ற சொல் நிறையக் கரை தொட்டது. கிரேக்கத்தில் துன்னோஸ், லத்தீனில் துன்னுஸ், அரபியில் 'அல்' சேர்ந்து அத்தூன், ஸ்பானியத்தில் அதூன். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க ஆங்கிலத்தில் தலை தேய்ந்து டூனா ஆனது. கிரேக்க மூலத்தைப் 'பாய்ந்தோடு' என்ற வினையோடு இணைப்பவர்கள் உண்டு. பொருந்தத்தான் செய்கிறது: நீந்திக்கொண்டே இருந்தால்தான் சூரையின் செவுளுக்குள் நீர் புகும், நின்றால் மூச்சு போய்விடும். அந்த ஓயாத ஓட்டத்துக்கு ஆக்சிஜன் சேர்த்துவைக்கும் புரதம்தான் சதையைச் சிவப்பாக்குகிறது.

எழுத்தில் ஒரு கவனம். சூறை என்றால் கொள்ளை, சுழற்காற்று, கோயில் வாசலில் உடைக்கும் தேங்காய். மீனுக்கு இடையின ரகரம். பலகைகளில் இரண்டும் கலந்து கிடக்கின்றன.

டூனா ஓர் இனத்தின் பெயரல்ல, சூரையும் அப்படித்தான். வரிச்சூரை, எலிச்சூரை என்று நம்மிடமே உட்பிரிவு உண்டு. 'யெல்லோஃபின் டூனா'வை மஞ்சள் துடுப்புச் சூரை என்று மொழிபெயர்க்கலாம். குமரிக் கரையில் கேட்டால் கேரை என்பார்கள், அதுவே போதும். வேகவைத்துப் புகையிட்டுக் கல்லாகக் காயவைத்தால் மாசிக் கருவாடு. இந்த மாசி மாதப் பெயரல்ல, மாலத்தீவின் திவேகி மொழியில் 'மஸ்' என்றால் மீன்.

"சூரை தின்றால் அரிக்கும்" என்று ஒதுக்குவோர் உண்டு. பழி மீனுக்கு, குற்றம் பெரும்பாலும் ஐஸுக்கு. பிடித்ததும் குளிர்விக்காவிட்டால் சதையில் அரிப்பைத் தூண்டும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேரும், அதைச் சமைத்தாலும் போக்க முடியாது.

இனி 'சஸ்டைனபிள் ஃபிஷிங்'. வளங்குன்றா வளர்ச்சி என்று ஏற்கெனவே எழுதுகிறோம், ஆகவே வளங்குன்றா மீன்பிடிப்பு. சூரை விஷயத்தில் இதன் பொருள் பிடிக்கும் கருவியில் இருக்கிறது. லட்சத்தீவில் உயிருள்ள சிறுமீனை இரையாக வீசி, கூட்டம் மேலே வந்ததும் கழித்தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்குகிறார்கள்; வேறு மீன் அதிகம் சிக்காது. சுருக்குவலையோ கூட்டத்தையே வளைத்து, அடிக்கயிற்றை இழுத்துப் பை போல மூடும். குஞ்சும் தப்பாது. கடலூர்க் கரையில் சுருக்குவலை என்ற சொல்லைச் சும்மா உச்சரிக்க முடியாது. ஊருக்கு ஊர் சண்டை நடந்திருக்கிறது. 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சுருக்குவலைக்கு இடைக்கால அனுமதி தந்தது.

அப்புறம், ஐ.நா. அறிவித்த உலகச் சூரை நாள் மே 2. நம் கிழக்குக் கரையில் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்துக்குள் வருகிறது. விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும். அன்றைக்குச் சூரை வேண்டுமென்றால் தேவனாம்பட்டினத்தில் ஃபைபர் படகு கரையேறும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.