எலிக்காய்ச்சல் குளிசையும் ஒரு கிளாஸ் தண்ணீரும்

தம்பலகாமத்தில் எங்கள் மாமாவுக்கு நான்கு ஏக்கர் வயல். பெரும்போக உழவு தொடங்கும் நேரம் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கொடுத்த எலிக்காய்ச்சல் தடுப்புக் குளிசை இரண்டையும், ஒரு நாள் இரவு வெறும் எச்சிலோடு விழுங்கிவிட்டுப் படுத்திருக்கிறார். விடியப்புறம் நெஞ்சுக்குள் நெருப்பு வைத்தமாதிரி எரிவு. மாரடைப்பு என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இதயத்தில் ஒரு குறையும் இல்லை, உணவுக்குழாயில்தான் புண். குளிசை வயிற்றுக்குப் போகாமல் வழியிலேயே ஒட்டிக்கொண்டு கரைந்திருக்கிறது. "இனி இதைத் தொடவே மாட்டேன்" என்று மாமா ஒரே பிடியாக நின்றார். அவர் அதை விடக்கூடாது என்பது என் கவலை.

அந்தக் குளிசையின் பெயர் டொக்சிசைக்கிளின். 1967 முதல் விற்பனையில் உள்ள அன்டிபயோட்டிக். எலியின் சிறுநீரோடு வயல் சேற்றில் கலக்கும் லெப்டோஸ்பைரா என்ற பக்டீரியா, பித்தவெடிப்பு வழியாகவோ மண்வெட்டிக் காயம் வழியாகவோ உடம்புக்குள் போகும். 1982 இல் பனாமாக் காட்டில் பயிற்சி எடுத்த 940 அமெரிக்கப் படையினரில் ஒரு பாதியினருக்கு வாரம் 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளினும், மறு பாதியினருக்கு மருந்தில்லாத வெறும் குளிசையும் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் குளிசை எடுத்தவர்களில் 20 பேருக்கு எலிக்காய்ச்சல் வந்தது. மருந்து எடுத்தவர்களில் ஒரே ஒருவருக்கு.

இது வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. உயிர் வாழவும் பெருகவும் பக்டீரியாவுக்குப் புரதம் வேண்டும். புரதத்தைக் கட்டும் பட்டறைக்கு ரைபோசோம் என்று பெயர். கட்டுவதற்கான அமினோ அமிலங்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்குவதற்கு அங்கே ஓர் இடம் இருக்கிறது. டொக்சிசைக்கிளின் போய் அந்த இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். பட்டறை நின்றுபோகும். கிருமி உடனே சாவதில்லை, ஆனால் பெருக முடியாமல் முடங்கிவிடும். மீதியை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி பார்த்துக்கொள்ளும்.

அங்கே அது அவ்வளவு இறுக்கமாக உட்காருவதற்கு மக்னீசியம் உதவுகிறது. இந்த மருந்தின் மூலக்கூறுக்கு உலோகத்தைக் கண்டால் பிடித்துக்கொள்ளும் குணம் உண்டு. டொக்டர் சொல்லும் கட்டுப்பாடுகளில் பாதி இந்த ஒரு குணத்திலிருந்து வருபவை. பாலில் கல்சியம் இருக்கிறது. பால்தேத்தண்ணியோடு குளிசையைப் போட்டால் மருந்தில் ஒரு பங்கு கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு இரத்தத்தில் சேராமல் கழிந்துபோகும். சில நெஞ்செரிவு மருந்துகளில் அலுமினியமும் மக்னீசியமும் உண்டு. இரும்புக் குளிசை அதைவிட மோசம். இவற்றுக்கும் டொக்சிசைக்கிளினுக்கும் இடையில் சில மணி நேரமாவது விட வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் இதைப் பொதுவாகத் தவிர்ப்பதும் இதனால்தான். வளரும் பல்லில் உள்ள கல்சியத்தை டொக்சிசைக்கிளின் சேர்ந்த டெட்ராசைக்கிளின் வகை மருந்துகள் பிடித்துக்கொண்டால் பல்லில் மாறாத மஞ்சள் கறை விழும். அவர்களுக்கு எந்த மருந்து, எப்போது என்பதை டொக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த மருந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளை அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து மண்ணில் கிடைத்தது. அதைக் கண்டெடுத்த, லெடர்லே என்ற மருந்து நிறுவனத்தின் பெஞ்சமின் டகர் 1948 இல் அறிவித்தார். அந்த ஆய்வுகளை அந்த நிறுவனத்தில் வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ். மண்ணில் பிறந்த மருந்தின் வழிவந்த ஒன்று, சேற்றில் இறங்குகிறவர்களைக் காக்கிறது.

சரி, மாமாவின் நெஞ்சுக்கு வருவோம். டொக்சிசைக்கிளின் கரையும்போது கடுமையான அமிலத்தன்மை வரும். வயிறு அதைத் தாங்கும், உணவுக்குழாயின் மெல்லிய தோல் தாங்காது. ஆகவே ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது நிமிர்ந்து இருக்க வேண்டும். படுக்கப்போகும் நேரத்தில் போடவே கூடாது. குமட்டுகிறது என்றால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடலாம்.

வெயில் இன்னொன்று. இந்த மருந்து உடம்பில் இருக்கும்போது சிலருக்கு வெயில் பட்ட இடம் சிவந்து எரியும். நீளக் கைச்சட்டையும் தொப்பியும் வயலுக்குக் கட்டாயம்.

காய்ச்சல் வந்த பிறகு வீட்டில் மிச்சமிருக்கும் குளிசையைத் தானாகப் போடுவதுதான் எனக்கு அதிகப் பயம். 2017 இல் எங்கள் பக்கத்துக் கிண்ணியாவை உலுக்கிய டெங்கு, வைரஸால் வருவது. வைரஸுக்குச் சொந்த ரைபோசோம் கிடையாது, அடைப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. முதல் இரண்டு நாளில் டெங்குவும் எலிக்காய்ச்சலும் ஒரே மாதிரித்தான் தெரியும். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைதல் ஏதாவது இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், வயலில் இறங்கியதையும் குளிசை போட்டதையும் சொல்ல வேண்டும். தடுப்புக் குளிசை போட்டவருக்கும் நோய் வரலாம்.

மாமா புண் ஆறிய பிறகு டொக்டரிடம் கேட்டுவிட்டு மறுபடி தொடங்கியிருக்கிறார். ஞாயிறு காலை, இடியப்பம் சாப்பிட்டு முடித்த கையோடு, பெரிய செம்பு நிறையத் தண்ணீர். அப்புறம் திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்து பேப்பர் பார்ப்பார். பால்தேத்தண்ணியை மாமி பத்து மணிக்குத்தான் போட்டுக் கொடுக்கிறார்.