சொறி மீனும் ஹக்ஸ்லியும் 'தெரியாது' என்ற பதிலும்

மண்டபம், பாம்பன் பக்கம் கரைவலை இழுத்தால் மீனோடு சொறியும் சேர்ந்து ஏறி வரும். ஜெல்லி மீனை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். பட்டால் தோல் எரியும் என்பதால் உதறித் தள்ளிவிடுவார்கள். மணலில் கொழகொழவென்று கிடந்து வெயிலில் வற்றிப்போகும். இந்தச் சொறி இனத்தை அறுத்து ஆராய்ந்த ஒருவர்தான் 'அக்னாஸ்டிக்' (கடவுள் உண்டா இல்லையா என்பது உறுதியாகத் தெரியாது என்பவர்) என்ற சொல்லை உருவாக்கியவர்.

அவர் ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி. 1846இல் 'ராட்டில்ஸ்னேக்' கப்பலில் உதவி மருத்துவராக ஆஸ்திரேலியா பக்கம் போனார். சொறியின் உடல், வெளியே ஒன்று உள்ளே ஒன்று என இரண்டு படலங்களால் ஆனது என்று கண்டார். 1849இல் லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டி அதை வெளியிட்டது. பார்த்த அளவுக்கே பேசுவது என்ற பிடிவாதம் அவருக்கு இந்த வேலையில்தான் ஊறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பிடிவாதத்துக்குப் பெரிய சோதனை 1860இல் வந்தது. நாலு வயதுகூட நிறையாத மகன் நோயல் காய்ச்சலில் இறந்துபோனான். பாதிரியாரான நண்பர் சார்ல்ஸ் கிங்ஸ்லி ஆறுதல் சொல்லி எழுதினார். ஆன்மா அழியாதது என்று நம்பிவிட்டால் துக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஹக்ஸ்லி எழுதிய பதில்: அதை நான் மறுக்கவும் இல்லை, ஆமென்று சொல்லவும் இல்லை, நம்பக் காரணம் தெரியவில்லை, பொய்யென்று நிரூபிக்கவும் வழியில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த அந்த நேரத்திலும் தனக்குச் சாதகமானதைத் தெரிந்ததாகச் சொல்லிக்கொள்ளாத இந்த நேர்மை என்னை உலுக்குகிறது.

1869இல், லண்டனில் தத்துவ விவாதங்களுக்காகத் தொடங்கிய ஒரு சங்கத்தில் சேர்ந்தார். மற்றவர்களுக்கெல்லாம் ஏதோ ஒரு கொள்கைப் பெயர் இருந்தது. தனக்கென்று அவரே 'அக்னாஸ்டிக்' என்ற பெயரை உருவாக்கி வைத்துக்கொண்டார். அந்த நிலைப்பாட்டைத் தமிழில் அறியவியலாமைக் கொள்கை என்கிறோம்.

இந்தச் சிந்தனை அந்தப் பெயரைவிட ரொம்பப் பழையது. படைப்பு எப்படி வந்தது என்பது மேலே இருப்பவனுக்காவது தெரியுமோ தெரியாதோ என்று ரிக் வேதப் பாடல் ஒன்று கேட்கிறது. கடவுளர் உண்டா இல்லையா என்று என்னால் அறிய முடியாது என்றார் பழங்காலக் கிரேக்கத் தத்துவவாதி புரோட்டகோரஸ்.

ராமேசுவரம் கோயில், ஏர்வாடி தர்கா, ஓரியூர் தேவாலயம் என்று பக்தி நிறைந்த நம் கரையில், 'தெரியாது' என்பவரை உடனே நாத்திகர் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது சரியில்லை. நம்புகிறீர்களா என்பது ஒரு கேள்வி. உறுதியாகத் தெரியுமா என்பது வேறு கேள்வி. ஹக்ஸ்லி பிடித்துக்கொண்டது இரண்டாவதை. நிரூபிக்காததை நிச்சயம் என்று சொல்லாதே என்ற அவருடைய விதி, கடவுள் இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்பவரையும் கட்டுப்படுத்தும். அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுபவரும், "நிச்சயமாகத் தெரியாது, ஆனால் நம்புகிறேன்" என்று தாராளமாகச் சொல்லலாம்.